கடலோரப் பங்களாவில் பதினான்கு நாள்

என் கணவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி, ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த வருஷம் அது. யுத்தம் இன்னும் வரவில்லை. அவருக்குப் புதுக்கோட்டை சமஸ்தானத்து சர்வே இலாகாவில் வேலை. வெயில், மழை பாராமல் சங்கிலியைப் போட்டு வயல் வயலாக அளந்துகொண்டு போனதில் உடம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். நீரை ஊசியால் எடுத்தாயிற்று. இனி மருந்தைவிடக் கடல் காற்றுதான் முக்கியம், இரண்டு மூன்று வாரம் கடற்கரையில் போய் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் குடும்பத்தில் யாரும் உடம்புக்காகக் கடற்கரைக்குப் போனதில்லை. நாங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். போனால் வேளாங்கண்ணிக்குப் போவோம், நேர்ச்சையை முடித்துக்கொண்டு திரும்பி வருவோம். கடலைக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து பார்த்ததோடு சரி. அதனால் எங்கே போய்த் தங்குவது என்று ஆபீசில் விசாரித்தார். இரண்டு இடங்கள் கிடைத்தன. இரண்டும் கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே, ஒரே கரையில், அரை மைல் இடைவெளியில் இருந்தன.

ஒன்று ஓட்டு வீடு. ஒரு முஸ்லிம் அம்மாள் தன் வீட்டை ஒட்டி இருந்த இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுவந்தார். மாதம் நாலு ரூபாய். அடுப்பு உண்டு, பாத்திரம் நாம் கொண்டுபோக வேண்டும். மற்றது பங்களா. பர்மாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு செட்டியார் தனக்கென்று கட்டிக்கொண்டது. அவர் வந்து தங்குவது அபூர்வம் என்பதால் தெரிந்தவர்களுக்கு வாரக் கணக்கில் விடுவார்கள். இரண்டு பேருக்குச் சாப்பாடு சேர்த்து வாரம் இருபது ரூபாய். சமைக்கப் பட்லர். கொசுவலை போட்ட கட்டில். கடலைப் பார்த்துக் கண்ணாடி ஜன்னல்கள். குடிக்க நல்ல தண்ணீர் தினமும் மாட்டு வண்டியில் வரும். ஒரு தடவை அங்கே தங்கிவிட்டு வந்த மேலதிகாரி, அங்கே இருந்தால் தன்னைத் தானே ஒரு துரை என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும் என்று சொன்னாராம்.

என் கணவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"காத்துக்கு யாரும் வாடகை வாங்குறதில்ல. பங்களாவுல அடிக்கிற அதே காத்துதான் ஓட்டு வீட்டுலயும் அடிக்கும்" என்றார்.

"ஓட்டு வீட்டுல அடுப்புப் பொகையும் சேந்து அடிக்குமே. ஒங்க நெஞ்சுக்கு ஆகுமா?" என்றேன்.

"அடுப்பங்கரையில நீதானே இருக்கப்போற" என்றார்.

வேண்டுமென்று சொன்ன சொல் இல்லை அது. அவர் அளவில் அது ஒரு கணக்கு. புகை எந்த அறையில் இருக்கும், யார் எந்த அறையில் இருப்பார்கள் என்று பார்த்துச் சொன்னார். நான் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.

பங்களாவை நான் ஏன் விரும்பினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஐந்து வாரமும் விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கில் கொண்டுபோய், திரும்பி வந்து தையல் மிஷினில் உட்கார்ந்து, மறுபடி சமைத்துக் கொண்டுபோனேன். கடற்கரைக்குப் போயும் அதே அடுப்பு, அதே குடம் என்றால் அது அவருக்கு ஓய்வு, எனக்கு இன்னொரு ஊர் அவ்வளவுதான். யாரோ சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டேன். அந்தக் காலத்தில் ஒரு பெண் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பாரா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. நான் சொல்லிப் பார்க்கவில்லை. ஜாக்கெட் தைத்துச் சேர்த்த பணம் என்னிடம் இருந்தது, வளையலுக்கென்று வைத்திருந்தேன், அதைத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

விஷயம் என் நாத்தனார் காதுக்குப் போயிற்று. என் கணவருக்கு அக்கா. ஒன்பது வயது மூத்தவர். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே காலராவில் கணவரைப் பறிகொடுத்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, எனக்குக் கட்டிவைத்ததும் அவர்தான். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். நாலைந்து ஆடுகள் வைத்திருந்தார். எப்போது பார்த்தாலும் கையில் ஏதாவது வேலை இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், வேலையைத்தான் பார்ப்பார்.

"ஏத்தா, நம்ம சனத்துல யாரு பங்களாவுல படுத்தா? ஒலை வைக்க ஆளு, எலை போட ஆளு. இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார்.

"டாக்டர் சொன்னாரு மதினி."

"டாக்டரு கடலைத்தானே சொன்னாரு. பங்களாவைச் சொன்னாரா?"

பிறகு அவரே, "பாக்காம ஒண்ணைக் கொறை சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் ஒருநா போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

விடிந்ததும் புறப்படும் பஸ்ஸில் அறந்தாங்கிக்குப் போனோம். இரண்டு பெண்கள் துணையில்லாமல் இடம் பார்க்கப் போவதைப் பார்த்துக் கண்டக்டர் இரண்டு முறை எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நாத்தனார் இரண்டு முறையும் "கடலுக்கு" என்று மட்டும் சொன்னார். அறந்தாங்கி சமஸ்தானத்துக்கு வெளியே, வெள்ளைக்காரன் சீமை. அங்கே வாழைப்பழம் வாங்கி எங்கள் ஊர் அம்மன் காசை நீட்டினார். பழக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இங்கே செல்லாது என்று கொடுத்துவிட்டாள். நாத்தனார் பழத்தை வைத்துவிட்டு நடந்தார். அடுத்த பஸ்ஸில் ஏறும்வரை முகம் கடுகடுவென்று இருந்தது.

கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் ஓட்டு வீட்டைப் பார்த்தோம். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க" என்று பாயை விரித்து மோர் கொடுத்தார். அறைகள் சாணம் மெழுகிச் சுத்தமாக இருந்தன. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருந்தது, கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் அது ஒரு அதிசயம். அடுப்பங்கரைக்கு மட்டும் ஜன்னல் இல்லை. அதை நான் பார்த்தேன். நாத்தனார் கிணற்றைப் பார்த்தார்.

"முடிஞ்சுபோச்சு. இதுதான்" என்றார் வெளியே வந்ததும்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வந்தது வந்துவிட்டோம், அதையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் அவரைப் பங்களாவுக்கு அழைத்துப் போனேன். பட்லர் வயதானவர், வெள்ளை உடுப்பு. ஒரு காலத்தில் கலெக்டர் துரையிடம் வேலை பார்த்தவராம். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினார். குளிக்கும் தொட்டியைப் பார்த்து நாத்தனார், "இதுல ஆட்டைத்தான் குளிப்பாட்டலாம்" என்றார். பட்லர் அதைக் கேட்காதவர்போல இருந்தார்.

கடலைப் பார்த்த தாழ்வாரத்தில் பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. காலை நீட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் கட்டை வைத்தது. அது தாங்குமா என்று பார்க்கிறவர்போல நாத்தனார் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு முதுகைச் சாய்த்தார். நான் உள்ளே போய்ச் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்தபோது தூங்கிப்போயிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் வந்து தங்கும் நாட்களிலும் எனக்கு முன் எழுவார், எனக்குப் பின் படுப்பார். வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தானை காற்றில் பறந்து முகத்தில் விழுந்ததும் தெரியவில்லை. பட்லர் ஒரு தட்டில் இரண்டு கோப்பை டீயைக் கொண்டுவந்து, அவரைப் பார்த்ததும் சத்தமில்லாமல் ஒரு கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நான் படியில் உட்கார்ந்து டீயைக் குடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எழுப்பலாமா என்று நினைத்து, எழுப்பவில்லை.

திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். "பஸ்ஸு போயிருச்சா?" என்றார்.

"இல்ல மதினி. இன்னும் நேரமிருக்கு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்லரிடம் வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் விறுவிறுவென்று நடந்தார். அறந்தாங்கியில் பஸ் மாறி உட்கார்ந்து, சமஸ்தானத்து எல்லை தாண்டிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "பங்களாவையே எடுத்துரு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"தம்பிக்குக் காத்து நல்லா வருது அங்க" என்றார். சிறிது தூரம் போன பிறகு, "நானும் வாரேன். ஒத்தையில நீ அவனைப் பாத்துக்க முடியாது" என்றார்.

மூன்றாவது ஆளுக்கு வாரத்துக்கு ஐந்து ரூபாய் கூடுதல் என்று செட்டியாரின் காரியஸ்தர் கடிதம் எழுதினார். நாத்தனார் இரண்டு ஆடுகளை விற்றார். என் கணவருக்குத் தன் அக்காவே கட்சி மாறியது புரியவில்லை. "ரெண்டு பேரும் நேர்ல பாத்துட்டுச் சொல்றீங்க. நான் என்னத்தைச் சொல்ல" என்று விட்டுவிட்டார். ஆனால் மூன்று வாரத்தை இரண்டாகக் குறைத்துவிட்டார். மாசி மாதம் முடியும் தறுவாயில் போய்ச் சேர்ந்தோம்.

கடலைப் பார்த்ததும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, "என்ன, அலையே இல்ல" என்பது. அந்தக் கரையில் அப்படித்தான். கடல் ஒரு பெரிய ஏரிபோலக் கிடக்கும். தண்ணீர் வடிகிற நேரத்தில் சேறு தெரியும், கொக்குகள் இறங்கி நடக்கும். அவர் தாழ்வாரத்திலிருந்து தண்ணீர் வரை காலடியால் அளந்தார். வடிந்திருக்கும்போது ஓர் அளவு, ஏறியிருக்கும்போது ஓர் அளவு. இரண்டையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாளும் அளந்தார். மூச்சு வாங்காமல் எத்தனை அடி நடக்க முடிகிறது என்பதும் அந்த நோட்டில் இருந்தது.

பட்லர் காலையில் ரொட்டி வாட்டிக் கொடுத்தார். மத்தியானம் சூப்பில் ஆரம்பித்தார். எல்லாம் பீங்கான் தட்டில் அளவாக வரும். நான் காத்திருந்த நாள் வந்துவிட்டது. சாப்பிட்டேன், தட்டை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்தேன். கால் மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. உள்ளே ஏதோ கொதித்து வழிகிறது என்பதுபோல மனம் எழுந்து எழுந்து போயிற்று. இரண்டாம் நாள் ஜன்னல் திரைகளில் கிழிசல் இருப்பது கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் ஊசி நூலை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டேன். பட்லர் பதறிப்போய், "அம்மா, இதை நீங்க செய்யக் கூடாது, எசமானுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாரு" என்றார். இரண்டு வாரத்தில் அந்த வீட்டின் பதினொரு திரைகளையும் தைத்து முடித்தேன். என் வளையல் பணத்தைக் கொடுத்துவிட்டு அங்கே போய்த் தைத்தேன் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

நாத்தனார் சமையலறைப் பக்கம் ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை. விடிந்ததும் முகம் கழுவி, ஜெபம் சொல்லி, அந்த நாற்காலியில் வந்து சாய்வார். சாப்பாட்டுக்கு எழுவார், மறுபடி வருவார். கையில் ஒரு வேலையும் இல்லை. முதல் இரண்டு நாள் பெரும்பாலும் தூங்கினார். பிறகு விழித்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மதினி யோசிக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணும் யோசிக்கல. பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாதா கோயில் அங்கிருந்து நாலு மைல். முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்துப் பூசைக்குப் போய்வந்தோம். இரண்டாம் ஞாயிறு வண்டிக்காரர் வந்து வாசலில் நின்றார். நாத்தனார் நாற்காலியிலிருந்து எழாமல், "இன்னிக்கு வரலைன்னு சொல்லு" என்றார். காய்ச்சல் வந்தும் பூசைக்குப் போனவர் அவர். நான் வண்டிக்காரரிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

என் கணவர் சூப்பை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பார். ஆனாலும் உடம்பு தேறிக்கொண்டு வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. எனக்கு அது புதிராக இருந்தது. ஆறாம் நாள் உலாவப் போனவர் வெகுநேரமாகியும் திரும்பாததால் கரையோரமாகத் தேடிக்கொண்டு போனேன். ஓட்டு வீட்டு வாசலில் பாயில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

"நாலு நாளா வாராருங்க. மெலிஞ்சுபோயி வந்தவரு, பசியோட நடந்து போறாரேன்னு நான்தான் கூப்பிட்டேன்" என்றார் அந்த அம்மாள்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "பங்களாவுல போடுறது காக்காய்க்குக் காணாது. நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கீங்களேன்னு சொல்லல" என்றார். அந்த அம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டுப் பெண்ணுக்கு நான் இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் பகலில் ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. செட்டியார் சொல்லாமல் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், கூட டிரைவர் மட்டும். பட்லர் ஓடி வந்து, எசமான் இரண்டு நாள் தங்கப்போகிறார், பெரிய அறையைக் காலி செய்துகொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுங்கள் என்று என் காதில் சொன்னார். நான் பெட்டியை எடுக்கப் போனேன். வீடு அவருடையது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

செட்டியார் தாழ்வாரத்துக்கு வந்தார். வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி தன் நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். நாத்தனார் காலை மடக்கிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"யாரு, பட்லர் சொல்லலையா?" என்றார் செட்டியார்.

"சொன்னாருங்க. நாங்க பதினாலு நாளைக்குக் கொடுத்திருக்கோம். இன்னிக்கு ஒம்பதாவது நாளு" என்றார் நாத்தனார். குரலில் சண்டையும் இல்லை, பயமும் இல்லை. ஆட்டுக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

நான் கதவருகில் பெட்டியோடு நின்றேன். செட்டியார் டிரைவரை அழைத்து உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கோகர்ணம்."

"வீடு எப்படி இருக்கு?"

நாத்தனார் யோசித்துச் சொன்னார். "குளிக்கிற தண்ணி உப்பு. சாப்பாடு கொறைச்சல். இந்த எடம் நல்லா இருக்குங்க."

"இதைக் கட்டி ஆறு வருஷமாச்சு" என்றார் செட்டியார். "எல்லாம் சேத்துப் பத்து நாள் இருந்திருப்பேன். வந்தா அன்னிக்கே ஏதாவது சோலி வந்துரும்."

"இருங்க. எடம் கெடக்கு" என்றார் நாத்தனார்.

தன் வீட்டில் தன்னை இருக்கச் சொல்கிறாளே என்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ குடித்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது பட்லரிடம், இவர்களை எதுவும் தொந்தரவு செய்யாதே, நாளையிலிருந்து மீன் வாங்கிச் சமை என்று சொல்லிவிட்டு வந்த காரிலேயே திரும்பிவிட்டார்.

பதினான்காம் நாள் ஊருக்கு வந்தோம். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்த மாதம் அவர் வேலைக்குப் போனார். காற்றால் தேறினாரா, அந்த அம்மாளின் மீன் குழம்பால் தேறினாரா என்று யாரால் சொல்ல முடியும். ஓட்டு வீட்டில் இருந்திருந்தாலும் தேறியிருப்பார் என்பது அவர் கட்சி. கடைசி வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

நாத்தனார் வந்த மறுநாளே ஆடு மேய்க்கப் போய்விட்டார். பூசைக்குப் போகாததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதாகவும், சாமியார் மூன்று நாள் ஜெபமாலை சொல்லச் சொன்னதாகவும் என்னிடம் சொன்னார். "மூணு நாளுதானே" என்றார். பங்களாவைப் பற்றி வேறெதுவும் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்தால் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். அந்த நேரத்தில் யார் போய்த் தட்டினாலும் திறக்க மாட்டார். நானும் தட்டுவதை விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, என் கணவரின் ஆபீசில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறார்களாம். "அந்தப் பங்களாவுக்கு அவ்வளவு கொடுக்கலாமாங்க? நீங்க இருந்திருக்கீங்களே" என்று கேட்டார்.

எனக்கு நான் தைத்துக் கொடுத்த திரைகள் நினைவுக்கு வந்தன. நாத்தனார் அப்போது எங்கள் வீட்டில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "யாரு யாரு போறீங்க?" என்றார்.

"நாங்க ரெண்டு பேரு, நாலு புள்ளைங்க."

"அப்ப ஓட்டு வீட்டுக்குப் போங்க. கெணத்துத் தண்ணி நல்லா இருக்கும். அந்தம்மா தங்கமானவங்க."

"பங்களா நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கும்" என்றார் நாத்தனார். "நீங்க மட்டும் தனியாப் போறதுன்னா சொல்லுங்க, அதுக்கு எழுதிப் போடச் சொல்றேன்."

அந்தப் பெண் சிரித்தார். அப்படித் தனியாகப் போவதை நினைத்துப் பார்த்தவர்போல வாசல் பக்கம் பார்த்தார். பிறகு ஓட்டு வீட்டு அம்மாளின் விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.